பெரியப்பாவின் காலைச் சர்க்கரை (சிங்கப்பூர், ஈசூன் குடும்பக் குழு)

பெரியப்பா, காலை 6:12
இராத்திரி 7 மணிக்கு இரண்டு சப்பாத்தி. அப்புறம் வெறும் தண்ணீர்தான். இப்போது குத்திப் பார்த்தால் சர்க்கரை 8.1 mmol/L! மீட்டர் கெட்டுவிட்டதா?

பெரியம்மா
மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கு பிஸ்கட் டின் சத்தம் கேட்டதே?

பெரியப்பா
படுக்கும்போது 6.4தான். எழுதி வைத்திருக்கிறேன்.

செல்வி அத்தை
வெந்தயம் ஊறவைத்துக் குடிங்க அண்ணா 🙏

கவிதா (நர்ஸ்)
பெரியப்பா, சாப்பிடாமலும் ஏறும். இரவில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது, விடியும் நேரம் கார்டிசோல் என்ற ஹார்மோனும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து கல்லீரலில் இருந்து குளுக்கோஸை வெளியே வரவைக்கும். எல்லாருக்கும் நடப்பதுதான். மற்றவர்களுக்குக் கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் விட்டுச் சரிக்கட்டிவிடும். உங்களுக்கு அது போதவில்லை.

அருண்
குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள்கூடச் சர்க்கரையை ஏற்றும். ஓ லெவல் உயிரியலில் படித்தேன் 😎

முருகன் மாமா
ஏற்றிவிட நாலு பேர், இறக்க இன்சுலின் ஒரே ஆளா? என்ன நியாயம் இது?

கவிதா (நர்ஸ்)
நல்ல கேள்வி மாமா. சர்க்கரை ஏறினால் உடம்பு கெடுவதற்குப் பெரும்பாலும் வருடக்கணக்காகும். ரொம்ப இறங்கினால் மூளை நிமிடங்களிலேயே தடுமாறும், அதற்கு முக்கிய எரிபொருளே குளுக்கோஸ்தான். அதனால்தான் இறங்காமல் பார்த்துக்கொள்ள அத்தனை காவல். 4-க்குக் கீழே போகும்போது கை நடுங்கி வேர்க்கிறதே, அது அட்ரினலின் வேலை.

முருகன் மாமா
எப்படியும் ஏறத்தான் போகிறது. மச்சான், கீழே பிராட்டா கடை திறந்துவிட்டது, வாங்க 😂

பெரியம்மா
அவரைக் கெடுக்காதீங்க. கவிதா, இன்றைக்கு இராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிடட்டுமா?

கவிதா (நர்ஸ்)
வேண்டவே வேண்டாம் பெரியம்மா! சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் தூக்கத்திலேயே இறங்கிவிடலாம். இரண்டு மூன்று நாள் படுக்கும் முன், விடியற்காலை 3 மணி, எழுந்ததும் என்று பார்த்து எழுதுங்கள். 3 மணிக்கு இறங்கியிருந்தால் கதையே வேறு. டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றுவார்.

பெரியப்பா
3 மணிக்கா? அதற்கு அந்த 8.1-ஏ மேல்.

பெரியம்மா
நான் அலாரம் வைக்கிறேன். வியாழக்கிழமை பலதுறை மருந்தகத்தில் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, தாளைக் கையோடு கொண்டுபோகலாம்.

செல்வி அத்தை
அப்போ வெந்தயம்?

கவிதா (நர்ஸ்)
குழம்பில் போடுங்க அத்தை. மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

முருகன் மாமா
தேக்காவுக்குப் போகிறேன். குத்திப் பார்க்கிற ஸ்டிரிப் வாங்கி வரவா, மச்சான்?

பெரியப்பா
ஒரு டப்பா. பில்லை மறக்காதீங்க.