ஸ்ரீசிட்டி வேலை, ஆஃபரில் 20,000: ஒற்றை ஆளுக்குக் கட்டுப்படியாகுமா?

எளாவூர்வாசி
தடா தாண்டி ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான். கல்யாணம் ஆகாத ஆள், ஆஃபர் லெட்டரில் மாதம் 20,000 ரூபாய். தங்கி, சாப்பிட்டு, போய்வர இது கட்டுமா? சொந்தக் கதை வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை
முதலில் அந்த 20,000 என்ன தொகை என்று கேளுங்கள். மொத்தச் சம்பளம் 20,000, பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000 என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,440 போகும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மொத்தத்தில் 0.75 சதவீதம், 150. தொழில் வரியை ஆந்திராவில் மாதா மாதம் பிடிப்பார்கள்: 15,001 முதல் 20,000 வரை 150, அதைத் தாண்டினால் 200. கைக்கு வருவது 18,260.

சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, 20,000 என்றால் கதையே வேறு. கம்பெனி கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அதற்குள் அடக்கம். அப்போது கைக்கு 16,250 வந்தாலே பெரிது. கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தம் உண்டா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓ.டி.யை (கூடுதல் நேர வேலை) சம்பள ஸ்லிப்பில் தனியாகப் பாருங்கள். 20,000ஐ 26 நாளுக்கும் 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 96 ரூபாய். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்பு, அதாவது 192. மாதம் 20 மணி நேரம் பார்ப்பவருக்கு சிங்கிள் ரேட் போட்டால் 1,900 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஓ.டி.க்கு பி.எஃப். பிடிக்க மாட்டார்கள்.

தடாரயிலடி
18,260 கைக்கு வந்தால் கட்டும், ஆனால் ரூம் ஷேரிங்காக இருக்க வேண்டும். கரண்ட், தண்ணீர் சேர்த்துத் தலைக்கு 3,000, சமைத்துச் சாப்பிட 4,500, போக்குவரத்து 1,500, போன், சோப்பு, முடிவெட்டு, மாத்திரை 1,200 என்று வையுங்கள். 8,060 மிச்சம். அதே ஆள் 6,500 ரூபாய் பி.ஜி. விடுதியில் தங்கி, வெளிச்சாப்பாட்டுக்கு 6,000 கொடுத்தால் மிச்சம் 3,060தான். சம்பளம் அதேதான், எங்கே படுக்கிறோம், என்ன சாப்பிடுகிறோம் என்பதில்தான் 5,000 போகிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஆரம்பாக்கத்தில் தங்கி பைக்கில் போகிறவர்கள் பெட்ரோலை நம் பக்கமே போட்டுக்கொள்ளுங்கள், ஆந்திராவில் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூட. ஒரு நாளைக்கு 30 கி.மீ. என்றால் 25 நாளுக்கு 750 கி.மீ., 50 மைலேஜ் வண்டிக்கு 15 லிட்டர். ரயிலில் போகிறவர்கள் மூன்று மாத சீசன் டிக்கெட் எடுங்கள். மாத சீசனைப் போல 2.7 மடங்குதான் விலை.

மூணாம்ஷிஃப்ட்
அந்த 4,500 சமையலில் நிற்க வேண்டுமே, அங்கேதான் பலருக்கு ஓட்டை. ஒரு ஆளுக்கு மாதம் அரிசி 9 கிலோ, துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, எண்ணெய் 1 லிட்டர், முட்டை 30, தினம் கால் லிட்டர் பால், பிறகு காய்கறி, மசாலா. மூன்று பேர் சேர்ந்தால் 26 கிலோ மூட்டையாக வாங்குங்கள். பாக்கெட் போட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது.

அடுப்பு: முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். இன்டக்‌ஷன் என்றால் 1,200 வாட்டில் தினம் 45 நிமிஷம், மாதம் 27 யூனிட். ஓனர் சப் மீட்டரில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினாலும் 270 ரூபாய்தான். ஆனால் அதை ஃபேன் சுவிட்ச் பக்கத்தில் இருக்கும் சின்ன சாக்கெட்டில் சொருகாதீர்கள். அது 6 ஆம்ப். 2,000 வாட்டில் வைத்தால் 9 ஆம்ப் இழுக்கும். முதலில் பிளக் சூடாகும், பிறகு பின் பக்கம் கருகி உருகும். 16 ஆம்ப் சாக்கெட் இருக்கும் ரூமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள்.

இரவு ஷிஃப்ட் வாரத்தில்தான் காசு அதிகம் கரையும். காலையில் வந்து தூங்கி மதியம் மூன்று மணிக்கு எழுந்தால் வீட்டில் ஒன்றும் இருக்காது, நேரே பிரியாணிக் கடைதான். படுக்கும் முன் குக்கரில் சாதம் வைத்து, முந்தின நாள் குழம்பை எடுத்து வைத்தால் அந்த வாரம் 700, 800 தப்பும்.

கணக்குப்பிள்ளை
நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திரப் பக்கத்து ஃபாரத்தில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். நமக்கு வீட்டுப் பெயர் கிடையாது, அப்பா இனிஷியல்தான். எச்.ஆர். அப்பா பெயரை முன்னால் போட்டுவிட்டால் பி.எஃப். பெயர் ஆதாரோடு பொருந்தாது. வேலை விட்டுப் பணம் கேட்கும்போது கிளெய்ம் திரும்பி வரும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள், இடைவெளி உட்பட. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மாறும்போது பழைய யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணைத் தம்பிகள் கட்டாயம் கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்று திறந்தால் பழைய பணம் அங்கேயே கிடக்கும்.

இ.எஸ்.ஐ.யில் டிஸ்பென்சரியை நீங்கள் தங்கும் இடத்துக்கும், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அவர்கள் ஊருக்கும் தனித்தனியாகப் போடலாம். அவர்கள் உங்களைச் சார்ந்தவர்களாக, மாத வருமானம் 9,000க்குள் இருக்க வேண்டும். மருந்துச் செலவு என்று மாதக் கணக்கை உடைப்பது பெரும்பாலும் பெற்றோருடையதுதான், இதை விடாதீர்கள்.

சத்தியவேடு அக்கா
பெண் பிள்ளைகளுக்கு: ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 முதல் அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆனால் ஆந்திர முகவரி அட்டை வேண்டும். தமிழ்நாட்டு ஆதார் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் சொல்வார்கள். மாநிலம் தாண்டும் பஸ்ஸிலும் செல்லாது. நம் பக்கம் சாதாரண நகரப் பேருந்தில் அட்டை ஏதும் கேட்பதில்லை. பஸ் காசைக் கணக்கில் வைத்துக்கொண்டே ரூம் பாருங்கள்.

தடாரயிலடி
முதல் சம்பளம் வரும் வரை என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. பிள்ளைகள் விழுவது அங்கேதான். வருகைப் பதிவை 20ஆம் தேதியோடு முடித்து, அடுத்த 7ஆம் தேதி சம்பளம் போடும் இடம் என்று வையுங்கள். ஜூன் 22இல் சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் 7இல்தான் முதல் காசு, 46 நாள். இரண்டு மாத அட்வான்ஸ் 6,000, முதல் வாடகை 3,000, ஒன்றரை மாதச் சாப்பாடு 6,750, போக்குவரத்து 2,250. ஆக 18,000 கையில் வேண்டும். அது இல்லாமல்தான் ஆப்பில் கடன் வாங்குகிறார்கள், வட்டி முதல் சம்பளத்தையே தின்றுவிடுகிறது. அதே ஆள் ஜூன் 10இல் சேர்ந்தால் ஜூலை 7இல் 11 நாள் சம்பளம் வந்துவிடும். சேரும் தேதி உங்கள் கையில் இருந்தால், வருகைப் பதிவு முடியும் கட் ஆஃப் என்றைக்கு என்று கேட்டு அதற்குப் பத்து நாள் முன்னால் போய்ச் சேருங்கள்.