மாத்திரைக்குக் காசில்லை என்று டாக்டரிடம் சொன்ன நாள்

வேலை போன மாதமே இன்சூரன்சும் போனது. எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். சீட்டில் எழுதியதை வாங்கிப் போட்டுக்கொள்வேன், விலையைப் பார்த்ததே இல்லை. முழுத்தொகையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்றதும் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்கி வந்தேன்.

அப்புறம் நான் செய்ததுதான் மடத்தனம். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கினேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.2லிருந்து 9.6. "வாயைக் கட்டுறதே இல்லையா?" என்று டாக்டர் ஆரம்பித்தார். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். என்னவோ அன்றைக்கு, "மாத்திரை கட்டுப்படியாகலை சார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" அவருக்கு அந்த மாத்திரை என்ன விலை என்பதே தெரியவில்லை!

நான் சாப்பிட்டது இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. அதில் ஒன்று மெட்ஃபார்மின், பழைய மருந்து, மலிவு. அதைத் தனியாக, கம்பெனிப் பெயர் இல்லாமல் ஜெனரிக் பெயரில் எழுதினார். விலை கூடிய இன்னொன்றை நிறுத்திவிட்டு கிளிமிபிரைட் கொடுத்தார். செலவு கால்வாசிக்கும் கீழே வந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: கிளிமிபிரைடில் சர்க்கரை இறங்கிவிடலாம். ஒரு நாள் சாப்பாடு தள்ளிப்போய், கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்தது. அதிலிருந்து சட்டைப்பையில் குளுக்கோஸ் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

*

அண்ணா, குறைத்துப் போட்ட கதை எங்கள் வீட்டிலும் உண்டு. தம்பிக்கு டைப் 1, உடம்பில் இன்சுலினே சுரக்காத சர்க்கரை வகை. இன்சுலினை இழுத்துப் பிடித்துப் போட்டவன் மூன்றாம் நாள் வாந்தி, வயிற்றுவலி என்று சுருண்டான். மூச்சில் ஒரு பழவாடை. கீட்டோஅசிடோசிஸ், இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகிப்போகும் ஆபத்து. மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு ஆஸ்பத்திரிக்குப் போனது.

பிறகு டாக்டர் விலை குறைந்த மனித இன்சுலினுக்கு (நம் உடம்பில் சுரப்பதைப் போலவே தயாரிக்கும் பழைய வகை) மாற்றினார். பெயர்தான் மாறியது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் சாப்பாட்டுக்கான ரெகுலரைச் சாப்பிட அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். மெதுவாக, நெடுநேரம் வேலை செய்யும் என்பிஎச் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, அடியில் படிந்த வெள்ளை முழுக்கக் கலந்து பால்போல ஆன பிறகே ஏற்ற வேண்டும். ராத்திரி சர்க்கரை இறங்குவதால் முதல் சில வாரம் அம்மா இரண்டு மணிக்கு அலாரம் வைத்து அவன் விரலைக் குத்திப் பார்த்தார். சிரிஞ்சிலும் கவனம்: மில்லிக்கு 100 யூனிட் உள்ள யு-100 இன்சுலினை, மில்லிக்கு 40 யூனிட் உள்ளதற்கான யு-40 சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். நாங்கள் தப்பியது கடைக்காரப் பெண் கேட்டதால்தான்.

கனடாவின் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923ல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது அதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

*

நீங்கள் இரண்டு பேரும் சொன்னது ஒரு வழி; நான் போனது வேறு வழி. மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் சில, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவோ சலுகையிலோ கொடுக்கின்றன. வருமானச் சான்றும் டாக்டர் கையெழுத்தும் கேட்டார்கள். என் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டாம் தடவை, கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லையாம். மருந்து கைக்கு வர ஆறு வாரம். அதுவரை டாக்டர் அறை ஃபிரிட்ஜில் இருந்த சாம்பிள் ஊசிப் பேனாக்களை வைத்துத்தான் ஓட்டினேன்.