நிஹாரியில் அந்தச் சிவப்பு எண்ணெய் வீட்டில் ஏன் நிற்பதில்லை?

கராமா_வாசி:
துபாயில் சத்வா, தேரா பக்கம் பாகிஸ்தானி ஹோட்டல்களில் நிஹாரி (மெதுவா வேகவச்ச மாட்டுக்கறிக் குழம்பு) கேட்டால் குழம்பு வழவழன்னு இருக்கு, மேலே சிவப்பா எண்ணெய் மிதக்குது. வீட்டில் எலும்பில்லாத மாட்டுக்கறி 1 கிலோ, ஷான் மசாலா பாக்கெட், கோதுமை மாவு எல்லாம் போட்டும் மாவு கட்டி தட்டுது, எண்ணெய் காணாமப் போகுது, கறி நார் நாரா வறண்டு கிடக்கு. எங்கே தப்பு?

சட்டி_கரண்டி:
மூணுமே வேற வேற தப்பு பாய். அந்த எண்ணெய்க்கு அவங்க பேரு தரி. கறி வெந்ததும், மாவு ஊத்துறதுக்கு முன்னாடியே, மேலே மிதக்குறதைக் கரண்டியால வழிச்சுக் கிண்ணத்துல எடுத்து வச்சிடணும். பரிமாறும்போதுதான் திரும்ப மேலே ஊத்துறது. எடுக்காம விட்டா மாவு எண்ணெயை இழுத்துக்கும், நிறமும் மங்கிடும். 1 கிலோவுக்கு 150 மில்லியாவது எண்ணெயோ நெய்யோ வேணும். கையை இறுக்கினா தரியே கிடையாது. நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள். எண்ணெயில் போட்ட கையோட கறியைப் போட்டுடுங்க, நின்னா கருகிக் கசக்கும்.

ஆட்டா 4 டேபிள்ஸ்பூன் போதும். வெறும் சட்டியில் சிறு தீயில் வாசம் வர வறுத்து, ஆறவிட்டு, ஒன்றரை கப் பச்சைத் தண்ணியில் கரைச்சு வடிகட்டுங்க. தளதளன்னு கொதிக்கும்போது மொத்தமா கொட்டினா மாவு வெளிப்பக்கம் மட்டும் வெந்து உள்ளே பச்சையா மாட்டிக்கும். அதுதான் உங்க கட்டி. தீயைக் குறைச்சு, ஒரு கையால நூலா ஊத்தி மறு கையால கிளறணும். அப்புறம் 20 நிமிஷம் சிறு தீ. அடிபிடிக்கும், பக்கத்துலயே நில்லுங்க.

எலும்புக்கடை:
மாவை விட கறிதான் பிரச்சினை. கறிக்கடையில் 'போங்' என்று கேளுங்கள். கெண்டைக்கால் சதை, சவ்வோடு இருக்கும். பெரிய துண்டாக வெட்டச் சொல்லி, கூடவே நல்லி எலும்பு 2 வாங்குங்கள். அந்தச் சவ்வு மெதுவாகக் கரைந்துதான் குழம்பு உதட்டில் ஒட்டுகிறது. சவ்வில்லாத தொடைக்கறியை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் நார்தான் மிஞ்சும். 2 லிட்டர் தண்ணீர், மூடிய பாத்திரம், லேசாகக் குமிழி வரும் தீ, 5 மணி நேரம். குக்கர் என்றால் சிறு தீயில் 50 நிமிடம், பிறகு திறந்து வைத்து அரை மணி.

'நஹார்' என்றால் அரபியில் பகல். ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்து காலையில் சாப்பிடுகிற பண்டம் இது. அவசரத்துக்கு ஆகாது.

சட்டி_கரண்டி:
குக்கர்ல மெதுவா வெந்த மணம் வராது, அதுல நமக்கு ஒத்துப்போகாது. மத்தபடி சரி.

கராமா_வாசி:
மசாலாவை நானே அரைக்கலாமா? தக்காளி உண்டா?

எலும்புக்கடை:
தக்காளி வேண்டாம், புளிப்பு எலுமிச்சையில் வந்தால் போதும். 1 கிலோவுக்குச் சோம்பு 1 டேபிள்ஸ்பூன், சீரகம், சுக்குப்பொடி தலா 1 டீஸ்பூன், திப்பிலி 2, கறுப்பு ஏலக்காய் 2, கிராம்பு 5, பட்டை ஒரு துண்டு, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. ஜாதிக்காய் கூடினால் கசப்பு. திப்பிலிக்கு அலைய வேண்டாம், ஊரிலிருந்து வருகிறவரிடம் சொன்னால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வருவார். பாக்கெட் மசாலாவே போடுவதானால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்; அதிலேயே உப்பு இருக்கிறது.

சத்வா_ரவுண்டானா:
ஒப்பிட்டுப் பார்க்க சத்வா ரவி ரெஸ்டாரண்ட் பக்கம் போயிட்டு வாங்க. 1978-ல் ஆரம்பிச்ச கடை, 2022-ல் அடிடாஸ் அதன் பேரில் ஷூவே விட்டது. எங்கே சாப்பிட்டாலும் இஞ்சியும் பச்சை மிளகாயும் நீளநீளமா நறுக்கித் தட்டில் தனியா கேளுங்க, நான் ரொட்டியைச் சூடா இருக்கும்போதே பிய்ச்சுத் தொட்டுக்கணும். மீந்ததை ஃபிரிட்ஜில் வச்சா ஜெல்லி மாதிரி இறுகும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க. அரை கப் வெந்நீர் விட்டு சிறு தீயில் இளக்கினா பழைய பதத்துக்கு வந்துடும்.