அவசர உதவி: கோயில் மலர் ஃபைல் புது லேப்டாப்பில் முழுக்க ஆங்கில எழுத்தாக வருகிறது

தண்டையார்பேட்டை தம்பி | இரவு 8:42

எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழா மலர். ஃபைலைத் திறந்தால் ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாக வருகிறது. போன வருஷம் அச்சடித்த அதே ஃபைல்தான். இந்த வருஷ நன்கொடையாளர் பெயர்களைச் சேர்த்து நாளைக் காலை ஆண்டர்சன் தெரு அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எந்த ஃபாண்ட் போட வேண்டும்? லதா போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசி | 8:47

எதில் திறக்கிறீர்கள்? வேர்டா, பேஜ்மேக்கரா, கோரல்டிராவா? விண்டோஸ் எந்தப் பதிப்பு? மலர் யார் அடித்தது? ஒன்றுமே சொல்லவில்லையே.

மணலி நெட் | 8:51

மொழிப் பேக் இல்லாததால்தான் இது வருகிறது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் எழுத்துருப் பட்டியலுக்குப் போய்விட்டன. கூடவே வருவது நிர்மலா மட்டும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் திறந்து, தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் என்று தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸில் எல்லா மெஷினிலும் அதைத்தான் செய்தோம்.

பெரம்பூர் பென்குயின் | 8:53

லிப்ரே ஆபீஸ் இறக்குங்கள். இல்லாத எழுத்துருவின் பெயரை அது சாய்வெழுத்தில் காட்டும், எது குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். அதன் ஆப்ஷன்ஸில் ஃபாண்ட்ஸ் பகுதியில் மாற்று அட்டவணையே இருக்கிறது. இல்லாததற்குப் பதில் எது வர வேண்டும் என்று அதில் எழுதிவிடலாம். நான் பல வருஷமாக லினக்ஸில்தான் இருக்கிறேன். எழுத்துருவை ஃபோல்டரில் போட்டு எஃப்சி-கேஷ் என்ற கட்டளையை ஓட்டினால் முடிந்தது.

வாத்தியார் (மூத்த உறுப்பினர்) | 9:02

இந்தக் கேள்விக்கு இங்கேயே எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். உதவி கேட்பவர் மென்பொருளின் பெயர், அதன் பதிப்பு, எழுத்துருப் பெட்டியில் தெரியும் பெயர் மூன்றையும் முதலிலேயே தந்துவிட வேண்டும். இவை இல்லாத கேள்விக்கு நாங்கள் ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும்.

அடிப்படையைச் சொல்கிறேன், கவனமாகப் படிக்கவும். திரையில் வெற்றுக் கட்டங்கள் வந்தால் உள்ளே இருப்பது யூனிகோட் தமிழ் (தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் தரும் பொதுக் குறியாக்கம்), அதைக் காட்டும் எழுத்துருதான் இல்லை. அப்போது மணலி நண்பர் சொன்னது சரிப்படும். ஆங்கில எழுத்துகளாக வந்தால் ஃபைலில் இருப்பதே ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். பழைய எழுத்துருக்கள் அந்த எண்களின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டின. போர்வை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது தெரிகிறது. அதற்கு லதா போட்டால் லதாவில் உள்ள ஆங்கில எழுத்துதான் வரும்.

மணலி நெட் | 9:05

எங்களுக்கு மொழிப் பேக் போட்டதும் சரியானது. அதைத்தான் சொன்னேன்.

தண்டையார்பேட்டை தம்பி | 9:11

வேர்ட்தான். லேப்டாப் புதுசு, விண்டோஸ் 11. போன வருஷம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் அடித்தது. கடையை மூடிவிட்டு அந்த அண்ணன் ஊருக்குப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. பென் டிரைவில் இந்த ஃபைல் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது. படம் போட முயன்றேன், ஏறவில்லை.

ராயபுரம் டிடிபி | 9:16

தம்பி, படம் வேண்டாம். கோயில் மலர் என்றால் முதல் வரி பெரும்பாலும் 'அருள்மிகு' என்றுதான் தொடங்கும். திரையில் அந்த இடத்தில் என்னென்ன எழுத்து இருக்கிறது என்று அப்படியே வரிசையாகச் சொல்லுங்கள், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதையும் சேர்த்து. இப்போதைக்கு ஃபைலில் எதையும் மாற்ற வேண்டாம். முதல் வேலையாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது அந்த ஒன்றுதான் என்கிறீர்கள்.

தண்டையார்பேட்டை தம்பி | 9:20

பிரதி எடுத்துவிட்டேன் அக்கா. முதல் வரி: சின்ன எம், பெரிய யூ, சின்ன எஸ், அரைப்புள்ளி, சின்ன கே, சின்ன பி, பெரிய எஃப்.

ராயபுரம் டிடிபி | 9:24

பாமினி என்ற பழைய எழுத்துரு. சந்தேகமே இல்லை.

எம் என்பது அ. பெரிய யூ என்பது ரு. எஸ் என்பது ள, அதன் மேல் வரும் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. கே என்பது ம, பி என்பது இகரக் கொக்கி, பெரிய எஃப் என்பது கு. அருள்மிகு. பாமினி ஃபைல் என்றால் பக்கம் முழுக்க அரைப்புள்ளி இறைந்து கிடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒன்று வரும்.

இதே சொல் வானவில் எழுத்துருவில் அடித்திருந்தால் எம், பெரிய யூ வரை இப்படியே இருந்திருக்கும். அடுத்து ள் என்ற இடத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஒய், மி என்ற இடத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏ, கடைசியில் எஃப். அரசு அலுவலகத்துப் பழைய ஃபைல்களில் அதைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். இரண்டும் தட்டச்சு வரிசையை ஒட்டி வந்ததால் பாதி ஒன்றுபோல இருக்கும். அதனால் முதல் இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

பாமினி இறக்கும்போது ஒன்று கவனியுங்கள். எழுத்துரு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் ஃபைலாக வரும். இஎக்ஸ்இ ஃபைல் வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். டிடிஎஃப் மேல் வலது கிளிக் செய்து 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்பதைக் கொடுங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெறும் 'நிறுவு' கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும்தான் ஏறும், சில பழைய மென்பொருள்கள் அதைப் பார்க்காது. அப்புறம் வேர்டை முழுசாக மூடித் திறக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை வாசி | 9:31

இன்னும் பாமினியா? 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் டிடிபி கடைகள் இதில் அடித்துக் கொடுத்தால் வாடிக்கையாளர்தான் இப்படிக் கடைசி நேரத்தில் தவிக்கிறார். பாமினி ஃபைலில் ஒரு நன்கொடையாளர் பெயரைத் தேட முடியுமா? அகர வரிசையில் அடுக்க முடியுமா?

வாத்தியார் (மூத்த உறுப்பினர்) | 9:36

ஆணையைச் சரியாகச் சொல்லுங்கள். 2010இல் யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியாக்கமும் ஏற்கப்பட்டது. அதற்கும் முன்னால் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. யூனிகோடிலோ தமிழுக்கு 1991இன் முதல் பதிப்பிலிருந்தே இடம் உண்டு. தரம் இல்லாமல் நாம் தவிக்கவில்லை. ஒன்றுக்கு மேல் தரம் இருந்தும் கடைகள் எதையும் பின்பற்றவில்லை. அதுதான் வரலாறு.

ராயபுரம் டிடிபி | 9:45

கடைக்காரர்களைச் சொல்வதற்கு முன்னால் கடையில் என்ன இருந்தது என்று பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, அது 2001இல் வந்தது. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. 'கெ' என்று யூனிகோடில் அடித்தால் ஃபைலுக்குள் முதலில் க, அதன் பின்னால்தான் கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு க-வுக்குப் பின்னால் தனியாக நிற்கும். அப்படி அச்சான கல்யாணப் பத்திரிகையை யார் வாங்குவார்கள்? பாமினியில் கொம்பை முதலில் அடிக்கிறோம், முதலில் நிற்கிறது, எந்த மெஷினிலும் நகராது. பிழைப்புக்காக அடித்தவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போதும் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோட் தமிழ் உடைந்துதான் வரும். எத்தனை பேருக்கு அந்த அமைப்பு இருப்பது தெரியும்? சொல்லிக்கொடுத்தது யார்?

கொருக்குப்பேட்டை வாசி | 9:49

அப்போது சரி. இப்போது வேர்டிலும் இலவச லிப்ரே ஆபீஸிலும் யூனிகோட் நன்றாகவே வருகிறதே. நோட்டோ, முக்தா மலர், கேட்டமரன், மீரா இனிமை என்று இலவச எழுத்துருவுக்கும் குறைவில்லை.

பெரம்பூர் பென்குயின் | 9:50

அதற்குத்தான் முதலிலேயே லிப்ரே ஆபீஸ் என்றேன்.

தண்டையார்பேட்டை தம்பி | 9:58

பாமினி இறக்கி எல்லாப் பயனர்களுக்கும் என்றே போட்டேன். வேர்டை மூடித் திறந்தேன். இன்னும் ஆங்கிலம்தான் வருகிறது. கமிட்டித் தலைவர் வேறு போன் மேல் போன் போடுகிறார்.

மணலி நெட் | 10:01

லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மொழிப் பேக்கையும் போட்டுவிடுங்கள்.

ராயபுரம் டிடிபி | 10:04

தம்பி, பதற வேண்டாம். கர்சரை 'அருள்மிகு' இருக்கும் இடத்தில் வையுங்கள். மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் வருகிறது? கணினியில் இல்லாத எழுத்துருவாக இருந்தாலும் வேர்ட் அங்கே ஃபைல் கேட்கும் பெயரைத்தான் காட்டும். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி | 10:07

பாமினி என்றுதான் இருக்கிறது. பி, ஏ, ஏ, எம், ஐ, என், ஐ.

ராயபுரம் டிடிபி | 10:12

இரண்டு ஏ. நீங்கள் போட்டது ஒரு ஏ உள்ள பாமினியாக இருக்கும், பட்டியலில் பாருங்கள். இரண்டு பெயரிலும் எழுத்துரு உண்டு. நமக்கு இரண்டும் பாமினிதான், கணினிக்கு வேறு வேறு. ஃபைல் கேட்கும் பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் இல்லை என்று சொல்லி வேறு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போங்கள். கீழே இறங்கினால் 'ஷோ டாக்குமென்ட் கன்டென்ட்' பகுதியில் 'ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். திறந்தால் இடப்பக்கம் இந்த ஃபைல் கேட்டுக் கிடைக்காத எழுத்துருக்கள் எல்லாம் வரிசையாக வரும். இரண்டு ஏ உள்ளதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மாற்றாக நீங்கள் நிறுவிய பாமினியைக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் வேறு பெயர்களும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், தலைப்புகளுக்கு வேறு தடித்த எழுத்துரு போட்டிருப்பார்கள். அவையும் இதே குறியாக்கமாக இருந்தால் மட்டும் பாமினியை மாற்றாகக் கொடுக்கலாம்.

'கன்வர்ட் பெர்மனன்ட்லி' இப்போது வேண்டாம். கண்ணால் பார்த்துச் சரி என்று தெரிந்த பிறகு செய்யலாம்.

பெரம்பூர் பென்குயின் | 10:15

அக்கா சொன்ன பட்டியலை வேர்ட் இல்லாமலும் பார்க்கலாம். டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப். ஒரு பிரதியின் பெயர் நுனியை ஜிப் என்று மாற்றித் திறந்து, வேர்ட் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்டேபிள் என்ற ஃபைலைப் பாருங்கள். கேட்கும் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும்.

வாத்தியார் (மூத்த உறுப்பினர்) | 10:19

எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரை நான் முதலிலேயே கேட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் ஒன்பதரைக்கு முடிந்திருக்கும்.

இரவோடு இரவாக யூனிகோடுக்கு மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாற்றும் கருவிகள் உண்டு, என்எச்எம் கன்வர்ட்டர் போல. ஆனால் முழுப் பக்கத்தையும் ஒட்டினால் அதிலுள்ள உண்மையான ஆங்கிலமும் தமிழ்க் குப்பையாக மாறும். இனிஷியல்கள், கடைப் பெயர்கள், மின்னஞ்சல் எல்லாம் போய்விடும். பாமினியில் உள்ள பகுதியை மட்டும் பிரித்து எடுத்து மாற்ற வேண்டும். நிதானமான வேலை அது.

கொருக்குப்பேட்டை வாசி | 10:24

இன்றைக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விழா முடிந்ததும் மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேறொரு தம்பி வேறொரு லேப்டாப்போடு இதே இடத்தில் நிற்பார். நான் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். கொருக்குப்பேட்டையிலிருந்து எவ்வளவு தூரம்?

ராயபுரம் டிடிபி | 10:27

அதை மனதாரச் சொல்கிறேன், நல்ல காரியம். பெயர்களைச் சரிபார்க்க நானும் வருகிறேன். பாமினி வகைகளில் ஸ்ரீ, க்ஷ போன்ற கிரந்த எழுத்துகள் இடம் மாறலாம், அங்கேதான் கருவி தடுமாறும். அம்மன் கோயில் மலரில் ஸ்ரீ தப்பாக வந்தால் பெரியவர்கள் மனசு கஷ்டப்படும்.

தம்பி, வந்ததா?

ராயபுரம் டிடிபி | 10:51

தம்பி?

மணலி நெட் | 11:03

தூங்கிவிட்டார் போல.

ராயபுரம் டிடிபி | 11:08

திரும்பி வந்து பார்ப்பாராக இருக்கும், எழுதி வைக்கிறேன். தம்பி, அச்சகத்துக்கு வேர்ட் ஃபைலைக் கொண்டுபோக வேண்டாம். அவர்கள் கணினியில் இரண்டு ஏ, ஒரு ஏ எதுவுமே இல்லாமல் இருக்கலாம். பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதைத் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் ஃபாண்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட் சப்செட்' என்று இருந்தால் எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே போகிறது. புதுப் பெயர்களைச் சேர்க்கும்போது அதே பாமினியில் அடியுங்கள், யூனிகோடில் அடித்து இடையில் ஒட்டினால் அந்த வரிகள் மட்டும் வேறு முகமாகத் தெரியும்.

தண்டையார்பேட்டை தம்பி | மறுநாள், காலை 11:35

இரண்டு ஏ-தான் அக்கா. மாற்றுக் கொடுத்ததும் மொத்தமும் தமிழில் வந்துவிட்டது. தலைப்பில் இருந்த இன்னொரு எழுத்துருவுக்கும் பாமினியே ஒத்துப்போனது. ஸ்ரீ சில இடங்களில் வேறு குறியாக வந்தது, கையால் திருத்தினேன். பிடிஎஃப் கொடுத்தாயிற்று, எம்பெடட் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். நேரம் இல்லை, பந்தல் வேலை இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

கொருக்குப்பேட்டை வாசி | 11:50

யூனிகோடுக்கு மாற்றுவது பற்றிச் சொல்லவில்லையே? அம்மனுக்குக் கூழ் வார்த்து முடித்ததும் தனிச்செய்தியில் ஃபைலை அனுப்புங்கள், தம்பி.

ராயபுரம் டிடிபி | பகல் 12:10

எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ரீயை நான் பார்த்துக்கொள்கிறேன்.