மறு: பார்ட்டிஷன் ப்ரூனிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘பகிர்வுக் கத்தரிப்பு’ என்று வைக்கலாமா? தோட்டக்கலையில் புழங்கும் ‘கவாத்து’ என்ற சொல்லும் இருக்கிறதே.

வணக்கம்.

கவாத்து அருமையான சொல்தான், ஆனால் இந்த இடத்துக்கு ஆகாது. கவாத்துச் செய்தால் கிளை போய்விடும். பார்ட்டிஷன் ப்ரூனிங்கில் எந்தத் தரவும் போவதில்லை. மாதவாரியாகப் பிரித்து வைத்த பெரிய அட்டவணையில் மார்ச் மாதப் பதிவுகளைக் கேட்டால், மற்ற மாதங்களின் பகுதிகளைத் தரவுத்தளம் திறந்தே பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கையேட்டில் ‘பதினொரு மாதங்கள் கவாத்துச் செய்யப்பட்டன’ என்று படிக்கும் புதியவர், காப்புநகல் இருக்கிறதா என்று ஓடிப்போய்த் தேடுவார். கத்தரிப்புக்கும் இதே குறைதான். பழைய மாதங்களை நிஜமாகவே கழற்றி எறிகிறோமே, அந்த வேலைக்குக் கவாத்தை எடுத்து வைப்போம்.

பார்ட்டிஷனுக்குப் ‘பகிர்வு’ வேண்டாம், கோப்புப் பகிர்வு, திரைப் பகிர்வு என்று வேறு பொருளில் ஊறிவிட்டது. பிரிவினை என்றால் 1947 நினைவுக்கு வரும். ‘கூறு’ சிறிய சொல், நன்றாக வளைகிறது: கூறிடல், கூறிட்ட அட்டவணை, துணைக்கூறு. ‘சொல்’ என்றும் பொருள்படுமே என்பீர்கள். அட்டவணை பேசாது, குழப்பம் வராது.

என் முன்மொழிவு: கூறு தவிர்ப்பு.

‘விலக்கல்’ என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இதை எலிமினேஷன் என்றே சொல்கிறார்கள். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், அட்டவணைக்கு விதித்த கட்டுப்பாடுகளைப் பார்த்து வேண்டாத பகுதிகளை ஒதுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் எக்ஸ்குளூஷன் என்ற பழைய முறை இன்னும் இருக்கிறது. அது, வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) எப்படி இயக்குவது என்று தரவுத்தளம் திட்டமிடும் நேரத்தோடு முடிந்துவிடும். 2018இல் 11ஆம் பதிப்பில் வந்த ப்ரூனிங், வினவல் இயங்கும்போதும் வேலை செய்யும். இரண்டும் ஒன்றல்ல என்பதால், ‘விலக்கல்’ அந்தப் பழைய முறைக்கே இருக்கட்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “தேதியிலிருந்து ஆண்டை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால் கூறு தவிர்ப்பு நடக்காது, எல்லாக் கூறுகளும் தேடப்படும், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என வரம்பாக எழுதுங்கள்.” உறுத்தவில்லை.

---

> என் முன்மொழிவு: கூறு தவிர்ப்பு.

ஒரு தடங்கல். தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுப்பது போன்ற ஃபங்ஷனைச் ‘செயற்கூறு’ என்று எழுதுபவர்கள் நம்மில் பலர். ‘செயற்கூறு இருந்தால் கூறு தவிர்ப்பு நடக்காது’ என்று வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு இடறும். துண்டம் என்று மாற்றலாமா என்றால், தரவு சிதறிக் கிடக்கும் ஃபிராக்மென்டேஷனைத் ‘துண்டாதல்’ என்கிறோம். அது வேகத்தைக் கெடுக்கும் வேறொரு சங்கதி. ஆகவே கூறு இருக்கட்டும், அத்தகைய இடங்களில் ஃபங்ஷனைச் ‘சார்பு’ என்று எழுதிக்கொள்ளலாம்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூறு தவிர்ப்பு இருக்கிறது என்று இண்டெக்ஸை (வரிசைகளை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் தேடுபட்டியலை) கைவிட்டுவிடக் கூடாது. தவிர்த்தது போக எஞ்சிய கூறில் கோடி வரிசைகள் இருக்கலாம். அதில் ஒரு வாடிக்கையாளரைத் தேட இண்டெக்ஸ்தான் வேண்டும். மேலும், கூறிடப் பயன்படுத்திய நெடுவரிசை வினவலின் நிபந்தனையில் இல்லாவிட்டால் தவிர்க்க எதுவுமே இல்லை.

ஷார்டிங் என்பது தரவைப் பல கணினிகளில் பரப்பி வைப்பது. அதற்குக் ‘கூறு’ வேண்டாம், தனி இழையில் பேசுவோம்.