புதுப்பிப்பு: ஐந்து உயிரெழுத்தும் வரிசையாக வரும் நீண்ட ஆங்கிலச் சொல்

ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் இதே வரிசையில், தலா ஒருமுறை மட்டும் வரும் நீண்ட ஆங்கிலச் சொற்களைக் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டன, எல்லாருக்கும் நன்றி.

லினக்ஸ் இயங்குதளத்தின் சொற்பட்டியல் கோப்பில் 'க்ரெப்' (கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளைத் தேடித் தரும் கட்டளை) ஓட்டச் சொன்ன யோசனைதான் பலித்தது. முதலில் எழுத்துகளுக்கு நடுவே புள்ளியும் நட்சத்திரமும் போட்டேன்; 'எந்த எழுத்தும், எத்தனை முறையும்' என்று பொருள். 'சாக்ரிலீஜஸ்' (sacrilegious) வந்து நின்றது! அதில் இ-க்கு முன்பே ஒரு ஐ உண்டு. புள்ளி எதையும் உள்ளே விட்டுவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் புள்ளியை எடுத்துவிட்டு, சதுர அடைப்புக்குள் கூரைக்குறியும் (^) ஐந்து உயிரும் வைத்தேன்; 'இந்த ஐந்தைத் தவிர மற்ற எழுத்து' என்று பொருள். முதலிலும் கடைசியிலும் அதே துண்டு. முழு வரியும் பொருந்த கட்டளையோடு சின்ன 'எக்ஸ்' (-x) சுவிட்ச். கிடைத்தவை: 'ஃபசீஷஸ்' (facetious) 9 எழுத்து, 'அப்ஸ்டீமியஸ்' (abstemious) 10. பின்னதோடு எல், ஒய் ஒட்டினால் 12. ஒய்யையும் உயிராக எண்ணினால், ஆறும் வரிசை தப்பாமல் நிற்கின்றன!