பகிர்ந்த கோப்புறையில் சில கோப்புகள் மட்டும் திறக்க மறுக்கின்றன

கேள்வி (மன்னார்குடி):
வணக்கம். எங்கள் அரிசி ஆலையின் விண்டோஸ் சர்வரில் 'கொள்முதல்' என்ற கோப்புறையைப் பகிர்ந்து, அதனுள் குறுவை, சம்பா, தாளடி எனப் பட்டத்துக்கு ஓர் உள்கோப்புறை வைத்திருக்கிறோம். எடைமேடை எழுத்தரால் மற்ற எல்லாவற்றையும் திருத்த முடிகிறது. குறுவையில் உள்ள சில எக்செல் கோப்புகளைத் திறந்தால் மட்டும் 'ஆக்சஸ் டினைடு' என வருகிறது. ஷேர் அனுமதியில் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்தும் பயனில்லை. நெல் லாரிகள் காத்திருப்பதால் விரைவில் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் (கும்பகோணம்):
ஷேர் அனுமதியும் (பகிர்வின்மேல் வைப்பது) என்டிஎஃப்எஸ் அனுமதியும் (டிரைவில் உள்ள கோப்பு, கோப்புறையின்மேலேயே வைப்பது) தனித்தனியானவை. வலை வழியே வருபவருக்கு இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். கோப்பின் செக்யூரிட்டி பகுதியில் அட்வான்ஸ்டு சென்று, ஒருவருக்கு உண்மையில் கிடைக்கும் உரிமையைக் காட்டும் எஃபெக்டிவ் ஆக்சஸில் எழுத்தரின் பயனர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கோப்புகள் முன்பு எங்கே இருந்தன என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா, படிக்கும் உரிமைகூட அவருக்கு இல்லை. அவை கணக்கரின் தனிக் கோப்புறையில் இருந்தவை. அதே டி டிரைவுக்குள் கட் செய்து இங்கே ஒட்டியிருக்கிறார்.

பதில் (கும்பகோணம்):
காரணம் அதுதான். ஒரே டிரைவுக்குள் நகர்த்தப்படும் கோப்பு புதிதாக எழுதப்படுவதில்லை, அதன் இருப்பிடம் மட்டுமே மாறுகிறது. அதனால் கணக்கருக்கு மட்டும் என்றிருந்த பழைய அனுமதி அதனுடனேயே வந்துவிடும். நகல் எடுத்தாலோ புதிய கோப்பு உருவாகி, சேரும் கோப்புறையின் அனுமதியைப் பெறும். ஆகவே கணக்கரையே குறுவைக்குள் அக்கோப்புகளின் நகலை எடுக்கச் சொல்லி, நகல் சரியாகத் திறக்கிறதா எனப் பார்த்தபின் பழையதை நீக்கிவிட்டு நகலுக்கு அதே பழைய பெயரை இடச் சொல்லுங்கள். மேல் கோப்புறையின் அனுமதியை உள்ளிருக்கும் அனைத்தின்மேலும் திணிக்கும் வசதியும் உண்டு. ஆனால் கூலிப் பட்டியல் போலத் தனியே பூட்டிய உள்கோப்புறை ஏதேனும் இருந்தால் அதுவும் எல்லோருக்கும் திறந்துவிடும் என்பதால், சில கோப்புகளுக்காக அதைச் செய்ய வேண்டாம்.

பதில் (திருவாரூர்):
ஒன்றைச் சேர்க்கிறேன். ஆளுக்கு ஆள் அனுமதி தராமல், 'எடைமேடை' என ஒரு குழு அமைத்து அதற்கு மாடிஃபை (திருத்தும்) உரிமை கொடுங்கள்; பருவத்துக்குப் பருவம் ஆள் மாறும் ஆலைகளுக்கு அதுவே ஏற்றது. குழுவில் சேர்த்தபின் எழுத்தர் தம் கணினியில் லாக் ஆஃப் செய்து மீண்டும் நுழைந்தால்தான் புதிய உரிமை செல்லும்.

கேட்டவர்:
நகல் எடுத்ததும் கோப்புகள் திறந்துவிட்டன. குழுவையும் அமைத்துவிட்டோம், எழுத்தர் மீண்டும் நுழைந்தபின் திருத்தவும் சேமிக்கவும் முடிகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.